ஐயமும் அங்காடியும்

நம் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ள சுற்றுலா நிகழ்ச்சி நிரலைத் தோழர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். குளிர்கால விடுமுறையில் தாய்லாந்துக்கும் லாவோசுக்கும் செல்லவிருக்கும் குழுவுக்கெனப் பயண முகவர் ஒருவர் அனுப்பிய நிரல் அது. லுவாங் பிரபாங் நகரில் தங்கும் இரண்டாம் நாளுக்கு அதில் இரண்டு வரிகள் உள்ளன. "காலை 5.30: பௌத்த பிக்குகளுக்கு அன்னமிடல் (கூடை, பாய், மேல்துண்டு, புகைப்படம் உட்பட)" என்பது ஒன்று. "காலை 7.00: காலைச் சந்தை (நேரமிருந்தால்)" என்பது மற்றொன்று. முதல் வரியை அடித்துவிட வேண்டும். இரண்டாம் வரியில் அடைப்புக்குள் கிடக்கும் சொல்லை நீக்கிவிட வேண்டும். செயற்குழுவினரை இவ்விரண்டும் கேட்டுக்கொள்ளவே இதனை எழுதுகிறேன். சிறு திருத்தந்தானே, இதற்கு ஒரு கட்டுரையா என்று சிலர் நகைக்கலாம். நகைத்துவிட்டு மேலே படிக்குமாறு வேண்டுகிறேன்.

2022 டிசம்பரில் அந்நகரில் ஐந்து நாள் தங்கியிருந்தேன். ஐந்து நாளும் விடியுமுன் எழுந்தேன். நம் விடுதியில் என் அறைத்தோழர் இதனை நம்ப மறுக்கிறார்; அவர் மறுப்பதில் நியாயம் உண்டு.

லுவாங் பிரபாங் லாவோஸ் நாட்டின் பழைய அரசத் தலைநகர். மேக்கோங் ஆறும் நாம் கான் ஆறும் கூடுமுன் நாக்குப் போன்ற ஒரு நிலத்துண்டை இருபுறமும் அணைத்துக்கொள்கின்றன. அந்த நாக்கின் மேல்தான் பழைய ஊர். நுனியில் மன்னர் செட்டாதிராத் 1560-ஐ ஒட்டிக் கட்டிய சியெங் தோங் விகாரை. நடுவில் இன்று அருங்காட்சியகமாகிவிட்ட அரண்மனை. இவற்றுக்கிடையே தெருவுக்குத் தெரு விகாரைகள். 1975-இல் முடியாட்சி ஒழிந்தது. 1995-இல் யுனெஸ்கோ நிறுவனம் ஊரையே உலக மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. 2021 டிசம்பரில் சீன எல்லையிலிருந்து தலைநகர் வியந்தியான் வரை இரயில் ஓடத் தொடங்கியது. மலைப்பாதையில் நாள் முழுதும் குலுங்கிக்கொண்டு வரவேண்டிய தொலைவு இன்று இரண்டு மணி நேரப் பயணம். வருவோர் தொகை பெருகியதைத் தனியே சொல்ல வேண்டுமா?

இவ்வூரில் வைகறைதோறும் நிகழும் அன்னமிடலைத் 'தக் பாத்' என்கிறார்கள். 'தக்' என்றால் முகந்து இடுதல். 'பாத்' என்பது பாத்திரம். பாலி மொழியின் 'பத்த'வும் வடமொழியின் 'பாத்ர'மும் நம் அடுப்படிப் பாத்திரமும் ஒரே வீட்டுப் பிள்ளைகளே. ஆகவே அந்தப் பெயர் காதில் விழுந்ததுமே எனக்கு ஊர் அந்நியமாகப் படவில்லை.

நிகழ்வோ மிக எளிது. இருள் பிரியும் வேளையில் விகாரைகளிலிருந்து பிக்குகள் வெறுங்காலுடன் ஒற்றை வரிசையாகப் புறப்படுகிறார்கள். மூத்தவர் முன்னே, இளையவர் பின்னே. கடைசியில் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள். தோளிலிருந்து தொங்கும் பாத்திரத்தின் மூடியைச் சிறிதளவே திறக்கிறார்கள். பார்வை பாத்திரத்தின் மீதே இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. ஊரார் நடைபாதையோரம் பாய் விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தோளின் குறுக்கே துண்டு அணிந்து மண்டியிட்டிருக்கிறார்கள். முன்னே மூங்கிற்கூடை, அதனுள் நம் செட்டிநாட்டுக் கவுனி அரிசியைப் போல் ஒட்டிக்கொள்ளும் ஒருவகை வெள்ளரிசிச் சோறு. விரலால் ஒரு கிள்ளு எடுத்து உருட்டி ஒவ்வொரு பாத்திரத்திலும் இடுகிறார்கள். கொடுப்பவர் பேசுவதில்லை, பெறுபவர் நன்றி கூறுவதில்லை, நின்று முகம் பார்ப்பதுமில்லை. வரிசை நகர்ந்துவிடுகிறது. எல்லாம் முடிந்தபின் சிலர் ஒரு சிறு குவளை நீரைத் தரையில் மெல்ல வார்த்து, இறந்துபோன தம்மவர்க்கு அந்தப் புண்ணியம் சேர வேண்டுமென்று நினைத்துக்கொள்கிறார்கள். தாரை வார்த்தல் என்ற சொல்லை நாம் இழந்த பொருளுக்கு மட்டுமே இன்று பயன்படுத்துகிறோம். அங்கே அது இன்னும் கையிலிருந்து நீராக வழிகிறது.

இன்னொன்றும் கண்டேன். வரிசையின் முடிவில் ஏழைச் சிறுவர் சிலர் வெறுங்கூடையுடன் மண்டியிட்டிருந்தார்கள். பிக்குகள் தம் பாத்திரத்திலிருந்து சோற்றுருண்டைகளை எடுத்து அந்தக் கூடைகளில் இட்டுச் சென்றார்கள். இருபது அடிக்கு முன் பெற்றவர் இருபது அடிக்குப் பின் கொடுப்பவராகிவிட்டார்.

இதன் பின்னணியில் உள்ள உழைப்பைப் பயணி காண்பதில்லை. அந்த அரிசியை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டி, பானையின் மேல் மூங்கில் கூம்பை வைத்து ஆவியில் வேகவிட வேண்டும். நான் தங்கிய வீட்டு மூதாட்டியார் ஆண்டு முழுவதும் இதனைச் செய்கிறார். அவர் பிக்குவுக்கு இடுவது ஒரு கிள்ளுச் சோறு என்று சொல்வது குறைத்துச் சொல்வதாகும். அவர் இடுவது தம் தூக்கத்தை.

பிச்சை என்ற சொல் இன்று நமக்கு வசைச்சொல். அன்று அவ்வாறில்லை. ஐயம் வேறு, பிச்சை வேறு என்று திருப்பாவைக்கு உரை கண்டவர்கள் பிரித்துச் சொன்னார்கள்; துறவிக்கும் பிரமசாரிக்கும் இடுவதையே பிச்சை என்றார்கள். பிக்கு சமைக்கலாகாது, இன்று பெற்றதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாகாது, நண்பகலுக்குப் பின் உண்ணலாகாது. இவ்விதிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் அவற்றின் உட்பொருள் விளங்கும். துறவி ஊரைவிட்டு ஒரு நாளுக்கு மேல் விலகி இருக்க முடியாதபடி கட்டிவைத்திருக்கிறார்கள்! நாள்தோறும் அவன் ஊரார் முன் வந்து நிற்க வேண்டும். அவன் ஒழுக்கம் கெட்டால் கூடை மூடிக்கொள்ளும்.

அந்தக் கட்டு ஒருபுறமானது மட்டுமன்று. 2007 செப்டம்பரில் பர்மாவில் இராணுவ ஆட்சியை எதிர்த்துத் தெருவில் இறங்கிய பிக்குகள் தம் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பிடித்து நடந்தார்கள். ஆட்சியாளரிடமிருந்து இனி அன்னம் ஏற்கமாட்டோம் என்பது அதன் பொருள். துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு வெறும் பாத்திரம் ஏந்தியவர்கள் விதித்த தண்டனை அது. கொடுக்கும் உரிமையைப் பறிப்பதும் ஒரு தண்டனை என்றால், கொடுத்தல் எவ்வளவு பெரிய உரிமையாக இருக்க வேண்டும்! லாவோசிலும் 1975-க்குப் பின் வந்த புதிய அரசு, பிக்குகளும் உழைத்து உண்ணட்டும் என்று கருதி 1976-இல் அன்னமிடலைத் தடுக்க முயன்றது. மக்களின் முணுமுணுப்பு பெருகவே அவ்வாண்டிலேயே பின்வாங்கிவிட்டது. மன்னரை இழக்கப் பொறுத்திருந்த மக்கள் காலைக் கடமையை இழக்கப் பொறுக்கவில்லை.

காசியில் படிக்கும் நமக்கு இச்செய்தி தொலைவிலுள்ளதன்று. இந்தப் பழக்கம் வளர்ந்த தெருக்களில் நாம் தினமும் சைக்கிள் ஓட்டுகிறோம். சாரநாத்தில் புத்தர் முதன்முதலாக ஐவருக்கு அறம் உரைத்த நாட்களைப் பற்றிப் பாலி நூல்கள் ஒரு சிறு குறிப்புத் தருகின்றன. இருவருக்கு அவர் போதிக்கையில் மூவர் பிச்சைக்குச் செல்வார்கள். மூவர் கொண்டுவந்ததை அறுவரும் உண்பார்கள். மறுமுறை மூவர் இருந்து கேட்க இருவர் செல்வார்கள். உலகின் பெருஞ்சமயம் ஒன்றின் முதல் வகுப்பறையும் முதல் உணவுக்கூடமும் இப்படித்தான் நடந்தன. அதன்பின் காசி வணிகர் ஒருவரின் மகன் யசன் துறவு பூண்டான். அவன் தந்தையின் இல்லத்தில் புத்தர் உணவு ஏற்றார். அந்தத் தந்தையும் தாயும் மருமகளுமே இல்லறத்தில் இருந்துகொண்டு மும்மணிகளைச் சரணடைந்த முதல் குடும்பத்தார். சிவபெருமானே கையேந்த, அன்னபூரணி அகப்பையால் இட்டாள் என்று சொல்லும் ஊரும் இதுதான். மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியில் முதற்பிச்சை இட்டவள் ஆதிரை என்பதை நம்மில் தமிழிலக்கியம் பயில்வோர் அறிவர். அள்ள அள்ளக் குறையாத அந்தப் பாத்திரமும், ஒரு பெண் தன் கையால் முதலில் இட்ட பின்னரே சுரக்கத் தொடங்கியது.

இனி முகவரின் நிரலுக்கு வருகிறேன்.

பெருந்தெருவில் என்ன நடக்கிறதென்றால், பிக்குகள் வருமுன் வண்டிகள் வந்து நிற்கின்றன. பிளாஸ்டிக் முக்காலிகள் வரிசையாகப் போடப்படுகின்றன. மேல்துண்டு வாடகைக்கு, கூடைச் சோறு விலைக்கு, கூடவே பிஸ்கட்டும் மிட்டாயும். அந்தச் சோறு எப்போது வெந்ததென்று வாங்குபவர் கேட்பதில்லை. பழஞ்சோறு விற்பவரும் உண்டு என்று ஊரார் குறைப்பட்டுக்கொள்ளக் கேட்டேன். வரிசை வந்ததும் ஒளி பளிச்சிடுகிறது. ஒருவர் இடுகிறார், மற்றவர் படம் எடுக்கிறார், பிறகு இடம் மாறிக்கொள்கிறார்கள். சரியாக விழவில்லையென்று அடுத்த பிக்குவின் வழியில் காலை நீட்டிக்கொண்டு மறுபடியும் கை நீட்டியவரையும் கண்டேன். தொட்டுவிடும் தொலைவில் வராதீர்கள், ஒளிவிளக்கைப் பயன்படுத்தாதீர்கள், பேசாதீர்கள் என்று ஊரில் அறிவிப்புகள் வைத்திருக்கிறார்கள். அறிவிப்பையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அந்த வரிசையின் கடைசியில் நடக்கும் சிறுவர்கள் யார்? பெரும்பாலும் மலைக்கிராமத்து ஏழை வீட்டுப் பிள்ளைகள். ஊரில் மேற்படிப்புக்கு வசதியில்லாததால் விகாரையில் சேர்ந்து, காவியுடுத்திப் படிப்பவர்கள். பகலில் ஆற்றங்கரையில் ஒரு சிறுவன் என்னிடம் வந்து ஆங்கிலம் பேசிப் பழகினான். கணக்கு கடினம் என்றான். இந்தியாவில் எல்லாரும் கணக்கில் கெட்டிக்காரர்களாமே என்று கேட்டான். நான் பேச்சை மாற்றினேன். இந்த மாணவனுக்கு அந்தப் பாத்திரந்தான் உதவித்தொகை. அந்தத் தெருதான் உணவுக்கூடம். நாம் நம் உணவுக்கூடத்தில் தட்டேந்தி வரிசையில் நிற்கையில், நாள்தோறும் முந்நூறு பேர் எதிரே நின்று நம்மைப் படம் பிடித்தால் எத்தனை நாள் பொறுப்போம்? மூன்றாம் நாள் மாணவர் தலைவர் துணைவேந்தரின் வாயிலில் நிற்பார்.

இந்தக் கருத்தை நான் சொன்னபோது, பௌத்தம் நன்கு பயின்ற தோழர் ஒருவர் வலுவான மறுப்பொன்றை எடுத்துரைத்தார். அதை மறைக்காமல் இங்கே தருவது கடமை. "ஈபவர் யாரென்று பார்ப்பது புத்த நெறியன்று. லிச்சவி இளவரசர்கள் கேட்டும், வைசாலியின் கணிகை அம்பபாலி முன்னரே அழைத்துவிட்டாள் என்பதற்காக அவள் இல்லத்திலேயே புத்தர் உண்டார். கொல்லன் சுந்தன் இட்டதே அவருடைய கடைசி உணவு. அப்படியிருக்க, சுற்றுலாப் பயணி கூடாது என்று சொல்ல நீ யார்? மேலும் பழைய ஊரின் வீடுகளெல்லாம் தங்கும் விடுதிகளாகிவிட்டன. பழைய குடும்பங்கள் வெளியே குடியேறிவிட்டன. பயணியும் இடாவிட்டால் பிக்கு என்ன உண்பான்?"

தோழர் கூறியதன் இரண்டாம் பகுதி முற்றிலும் உண்மை, கசப்பான உண்மை. விகாரையைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்கள் விலைக்கும் வாடகைக்கும் வீட்டை விட்டுக்கொடுத்துப் போய்விட்டால் அந்த விகாரைக்குச் சோறிட அடுத்த வீடு இருப்பதில்லை. ஆனால் குடும்பங்களை வெளியேற்றியது எது? அதே வைகறையைக் காண வந்த கூட்டந்தான். நோயைத் தந்தவனையே மருந்தென்று கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. முதற்பகுதிக்கு என் விடை வேறு. அம்பபாலி தன் மாந்தோப்பில், தன் இல்லத்தில் சமைத்து, தானே பரிமாறி, பிறகு ஒரு தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து அறங்கேட்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை; நானும் யாரையும் தடுக்கவில்லை. உள்ளபடியே இட விரும்பும் தோழர் முந்தின நாள் மாலையே தங்கும் வீட்டாரிடம் சொல்லட்டும். நான்கு மணிக்கு எழுந்து அடுப்படியில் உடன் நிற்கட்டும். பெருந்தெருவை விட்டு, அவர்கள் வழக்கமாக அமரும் சந்தில் அவர்கள் பக்கத்தில் மண்டியிடட்டும். நான்காம் நாள் நான் அவ்வாறே செய்தேன். மூதாட்டியார் என் கையைப் பார்த்து, உருண்டை பெரிதாக இருக்கிறது, கடைசிப் பையனுக்குப் போதாமல் போய்விடும் என்று சைகையால் காட்டினார். அதன் பிறகு உருண்டையைச் சிறிதாக்கிக் கடைசிப் பையன் வரை எண்ணிக்கொண்டே இட்டேன். நாற்பது பேர் கொண்ட குழு இவ்வாறு செய்ய இயலாது. குழுவாகச் சென்றால் எதிர்ப்புற நடைபாதையில் காமிராவைப் பையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் வாய்மூடி நிற்கலாம். அவ்வளவே நமக்கு உரியது.

சந்தையின் நிலை வேறு. சந்தையில் அந்நியனுக்கு என்றைக்கும் இடம் உண்டு. வணிக நகரான புகாரிலும் பிறமொழி பேசுவோர் கலந்திருந்தனர் என்றே படித்திருக்கிறோம். விகாரையின் வாயிலில் நாம் பார்வையாளர். சந்தையில் நாம் வாடிக்கையாளர், ஆகவே வேண்டப்படுபவர்.

நான் சென்றபோது அரண்மனையை ஒட்டிய சந்துகளில் காலைச் சந்தை கூடியிருந்தது. தார்ப்பாயும் பாயும் விரித்துத் தரையிலேயே கடை. விற்பவர் ஏறக்குறைய எல்லாரும் பெண்கள். எடைத்தட்டைவிடக் கூறுக்கே மதிப்பு. வாழையிலைத் துண்டின் மேல் நான்கு மிளகாய்க் கூறு, மூன்று கத்தரிக்காய்க் கூறு, ஒரு பிடி எலுமிச்சைப்புல். சுந்தர்ப்பூர் காய்கறிச் சந்தைக்கு விடியலில் போய்ப் பழகிய தோழர்களுக்குக் கூச்சலில்லாத குறை ஒன்றுதான் தெரியும். மேக்கோங் ஆற்று மீன் துள்ளும். மூங்கிற்குருத்து, வாழைப்பூ, காட்டுக் கீரை, எறும்பு முட்டை, உயிர்த்தவளை ஆகியவை அடுத்தடுத்து இருக்கும். ஆற்றுப்பாசியைத் தாள்போல் காயவைத்து எள் தூவி விற்கிறார்கள். 'கைப்பேன்' என்று பெயர். எண்ணெயில் காட்டினால் நம் அப்பளத்துக்கு அண்ணன். காட்டு அணிலும் வௌவாலும் ஓரிடத்தில் கிடந்தன. அவற்றைக் கண்டு முகஞ்சுளித்துப் படமெடுத்து ஊருக்கு அனுப்புவதும் தவறுதான். காட்டில் கிடைத்ததை விற்று அரிசி வாங்கிக்கொண்டு போக வந்த மலைக்குடிப் பெண் அவள். வாங்க மனமில்லையென்றால் நகர்ந்துவிடலாமே.

அதே சந்தில் சாமந்தியும் வாழையிலையும் சேர்த்துக் கூம்பாகக் கட்டிய பூச்சட்டங்களும், ஆவி பறக்கும் சோற்றுப்பொட்டலமும் விற்றன. ஊர்ப்பெண்கள் அவற்றை வாங்கிக்கொண்டு நேரே தம் இடத்தில் போய் மண்டியிட்டார்கள். முகவரின் நிரலில் ஒன்றுக்குக் கட்டணமும் மற்றதற்கு 'நேரமிருந்தால்' என்ற சலுகையும் தந்து பிரித்திருப்பவை, ஊரில் ஒரே காலையின் இரண்டு கைகள். சந்தை சோறு தருகிறது. தெரு அதை இடுகிறது. அவ்வாண்டு கிப் நாணயத்தின் மதிப்பு மிகவும் சரிந்திருந்தது. கடைக்காரப் பெண்கள் காசை இரண்டு முறை எண்ணிப் பையில் வைத்தார்கள். நம் குழுவினர் அன்னமிடலுக்கென முகவரிடம் கட்டவிருக்கும் பணத்தை அந்தத் தார்ப்பாய்களின் மேல் செலவிட்டால், அதில் ஒரு பங்கு மறுநாள் காலை தானாகவே பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். அதற்கு நம் முகம் படத்தில் இருக்க வேண்டியதில்லை.

சந்தை எந்தத் தெருவில் கூடுகிறதென்று முந்தின இரவே விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மணிக்குப் போங்கள். ஒன்பது மணிக்குப் பாய்களைச் சுருட்டத் தொடங்கிவிடுவார்கள். டிசம்பரில் ஆற்றிலிருந்து பனி ஏறும். காசிக் குளிருக்கு வாங்கிய கம்பளிச்சட்டை போதும். பேரம் பேசலாம், ஆனால் கூறு கட்டி வைத்திருப்பவரிடம் ஐந்து ரூபாய்க்காக மல்லுக்கட்ட வேண்டாம். மரக்கறி உண்ணும் தோழர்கள் பட்டினி கிடக்க நேரிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. குழிக்கல்லில் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றி வார்த்து, வாழையிலைத் தொன்னையில் வைத்துச் சுடச்சுடத் தருகிறார்கள். 'காவ் நோம் கோக்' என்று கேளுங்கள். வாயில் போட்டதும் வீட்டுக் குழிப்பணியாரம் நினைவுக்கு வந்தால், இரண்டாவது தொன்னைக்குச் சில்லறை தயாராக வைத்திருங்கள்.